மூன்று நாள் பத்தியமும் ஒரு வலது தோளும்

கீரனூரிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் நின்றுகொண்டு போகும் நாட்களில் என் இடது கை மேல்கம்பியைப் பிடித்திருக்கும், வலது கை பின்பாக்கெட்டின் மேல் இருக்கும். பர்ஸுக்குக் காவல். முப்பது வருடமாக இப்படித்தான். பக்கத்தில் நிற்பவர் கோயில் பூசாரியாக இருந்தாலும் கையை எடுக்கமாட்டேன். போன வருடம் ஒரு நாள் அந்த வலது கை பின்னால் போகவில்லை. இடுப்பெலும்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். தோளுக்குள் கோணூசியை இறக்கித் திருகியதுபோல ஒரு வலி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஒடம்புக்கு முடியலையா? அந்தா எடம் இருக்கு, உக்காருங்க" என்றார். இவ்வளவு அக்கறை எதற்கு என்று எனக்கு உறுத்தியது. இடது கையால் பர்ஸை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

நான் பத்திரம் எழுதுகிறவன். நிலம் விற்கிறவரும் வாங்குகிறவரும் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார்கள். ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். செத்துப்போன சித்தப்பாவுக்குப் பதிலாக வேறொருவரைக் கூட்டிவந்து கைநாட்டு வைக்கப் பார்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு சொத்துக்கு வில்லங்கம் இருக்கிறதா என்று முப்பது வருடம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. அந்தப் பழக்கம் மேசையோடு நிற்கவில்லை. காய்கறிக்காரரிடமும் அப்படித்தான், சொந்தக்காரர்களிடமும் அப்படித்தான். "ஒங்களுக்கு நிழலைக் கண்டாலும் சந்தேகம்" என்பாள் என் மனைவி. நான் மறுத்ததில்லை.

தோளையும் முதலில் அப்படித்தான் விசாரித்தேன். தலையணையைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். நாற்காலியின் கையைக் கழற்றிப் பார்த்தேன். சலவைக்காரர் சட்டையைச் சுருக்கிவிட்டார் என்று இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மாதத்தில் சட்டைக்குள் கையை நுழைக்கவே மனைவி வேண்டியிருந்தது. முதலில் வலது கை, பிறகு இடது கை என்று சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோலப் போட்டுவிடுவாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மச்சான் ஒருவரைச் சொன்னார். சித்தன்னவாசல் போகிற வழியில் ஒரு ஊரில் எண்ணெய் போட்டு நீவுகிறவர். மச்சானுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று விசாரித்துவிட்டுத்தான் போனேன். தொடர்பு ஒன்றும் இல்லை. மச்சானுடைய முழங்கால் உண்மையிலேயே அவர் கையில் குணமாகியிருந்தது. முழங்கால் வேறு, தோள் வேறு என்பது எனக்கும் தெரியவில்லை, அந்த எண்ணெய்க்காரருக்கும் தெரியவில்லை. "நரம்பு பெரண்டிருக்கு, ஒரு இழு இழுத்தா சரியாப்போகும்" என்று சொல்லி இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு கை காதளவு போவதும் நின்று நெஞ்சளவில் நின்றது.

அதன் பிறகுதான் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அந்த டாக்டர் என் கையைத் தொடுவதற்கு முன்பே ஸ்கேன் எழுதினார். ஸ்கேன் அதே கட்டடத்தில் கீழ்மாடி. எனக்குப் புருவம் ஏறியது. ரிப்போர்ட் வந்ததும் திரையில் காட்டினார். தோளைத் தூக்கும் தசைநாரில் கொஞ்சம் கிழிசல். "சின்னத் துளை போட்டுச் செய்யிற ஆப்பரேஷன்தான், பயப்படாதீங்க. தச்சுட்டா சரியாயிடும்" என்றார். நல்ல மனிதராகத்தான் பேசினார். ஆனால் ஆப்பரேஷன் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

என் அண்ணன் கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை இருந்தது அதுவரை அவருக்கே தெரியாது. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தார், வந்து ஒரு வருடம் இருக்கவில்லை. நான்தான் கூட இருந்தேன். ஒவ்வொரு தடவையும் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வைராக்கியம்: என் உடம்பில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. கை வேண்டும், ஆனால் கத்தி இல்லாமல் வேண்டும். அந்த ஒரு ஆசையோடுதான் ஸ்கேன் உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு இறங்கினேன்.

ஒருவர் சொன்னதைக் கொண்டு எந்த நிலத்தையும் நான் முடிப்பதில்லை. புதுக்கோட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேன் உறையைப் பிரிக்கவே இல்லை. ஸ்டூலில் உட்காரவைத்து என் முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்தார்.

"நீங்க எதுவும் செய்யாதீங்க. நான்தான் திருப்புவேன்."

முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பினார். கதவுக்குப் பின்னால் ஆணி அடித்துவைத்ததுபோல அது நகர மறுத்தது. இடது கையைத் திருப்பினார், தாராளமாகப் போனது.

"பாத்தீங்களா? தசை மட்டும் கிழிஞ்சிருந்தா ஒங்களால தூக்க முடியாது, ஆனா நான் தூக்குனா வரும். ஒங்களுக்கு நான் அசைச்சாலும் வரல. மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்கு, அது தடிச்சு இறுகிப்போச்சு. அதுக்குப் பேரே ஃப்ரோசன் ஷோல்டர்தான்."

"ஸ்கேன்ல கிழிசல்னு போட்டிருக்காங்களே?"

"இந்த வயசுல நெறையப் பேருக்கு ஸ்கேன் எடுத்தா அப்படித் தெரியும். ஒங்க தொந்தரவு அதுனால இல்ல. இப்ப ஆப்பரேஷன் வேண்டாம். மூட்டுக்குள்ள ஒரு ஊசி, அப்புறம் பயிற்சி. அதுக்கும் அசையலைன்னா மருந்துத் தண்ணி ஏத்தி உறையை விரிச்சுப் பாக்கலாம். மயக்கம் குடுத்துக் கையை அசைச்சு விடலாம். துளை போட்டு உறையை வெட்டி விடுறது கடைசி. பொறுமைதான் வேணும். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் கேட்க ஆசைப்பட்டதைத்தான் அவர் சொன்னார். ஆனால் விலை குறைவாகச் சொல்கிற நிலத்தைத்தான் நான் இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பேன். இவர் ஏன் வேண்டாம் என்கிறார்? ஆப்பரேஷன் செய்யத் தெரியாதோ? தன்னிடமே இரண்டு வருடம் வரவைக்கத் திட்டமோ? இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சுகர் இருக்கா?"

"இல்லைங்க."

"எப்பப் பாத்தீங்க? சுகர் இருக்கவங்களுக்கு இது கூடுதலா வரும். ஊசி போட்டா சுகர் ஏறவும் செய்யும். எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க."

இந்த இடத்தில் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அண்ணன் போனபிறகு வருடத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்ப்பது என் வழக்கம். வழக்கம் என்றால் எப்படி? டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாள் பத்தியம். சோறு கிடையாது, டீ கிடையாது. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் சொல்லி வேகவைத்த பாகற்காய், மோர், காலையும் மாலையும் குளத்துக்கரையில் நடை. இது நான் ஒருவன் மட்டும் செய்கிற வேலை இல்லை. எங்கள் பக்கம் பாதிப் பேர் பரீட்சைக்குப் படிக்கிறதுபோலத்தான் சர்க்கரை டெஸ்டுக்குத் தயாராவார்கள். பாஸாகிவிட்டால் லேப் வாசலிலேயே ஒரு காபி, சர்க்கரை தூக்கலாக. என் பத்தியம் மனைவிக்குத் தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். தெரிந்தால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். அதனால் அந்த நாட்களில் "வெளியில சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன். "எங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். "வெளியிலதான்" என்றேன். அப்புறம் அவள் கேட்டதில்லை.

இந்தத் தடவையும் மூன்று நாள் பத்தியம் இருந்துவிட்டு லேபுக்குப் போனேன். சீட்டில் இரண்டு டெஸ்ட் எழுதியிருந்தது. வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று மாதத்துச் சராசரி ஒன்று. "ரெண்டாவது வேணாம்மா, எல்லாம் கமிஷனுக்கு எழுதுறது" என்று ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் சொன்னேன். கமிஷன் என்று நான் உண்மையிலேயே சந்தேகப்பட்டது பாதி. மூன்று நாள் பாகற்காயால் மூன்று மாதத்தை மறைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது மீதிப் பாதி. பத்திரத்தில் ஒரு பக்கம் குறைந்தால் கண்டுபிடிக்கிற நான், என் சீட்டில் ஒரு வரியை நானே அடித்துவிட்டேன்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. டாக்டர் பார்த்தார். "இன்னொரு டெஸ்ட் எங்க?" என்றார். "அந்த மெஷின் ரிப்பேராம்" என்றேன். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ஊசி போட்டார். அவர் என்னை நம்பினார். என் மேசைக்கு எதிரே யாரையும் நான் அப்படி நம்பியதில்லை.

ஊசிக்குப் பிறகு வலி பாதியாகக் குறைந்தது. அந்த நிம்மதியையும் சந்தேகத்தோடுதான் அனுபவித்தேன். பயிற்சிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். சின்ன வயதுப் பெண், என்னைப் படுக்கவைத்துக் கையைத் தூக்குவாள். "கையை எங்கிட்ட விட்டுருங்க சார்" என்பாள். "விட்டுட்டேம்மா" என்பேன். "இல்ல சார், இழுத்துப் பிடிக்கிறீங்க. நீங்க பிடிச்சா உள்ள தசை எல்லாம் சேந்து பிடிக்கும், மூட்டு அசையாது." நான் பிடிக்கவில்லை என்றுதான் சத்தியமாக நம்பினேன். இந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியவில்லை, பழியை என்மேல் போடுகிறாள் என்று நினைத்தேன்.

ஊசி போட்ட நாலாவது நாள் தாகம் தொடங்கியது. ஒரு குடம் தண்ணீர் குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பாத்ரூமுக்கு நடந்தே கால் ஓய்ந்தது. ஆறாவது நாள் ஒரு கிரயப் பத்திரத்தின் எல்லைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கும் கிழக்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எழுத்து கலங்கிற்று. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஏதோ கேட்கிறார், என்ன கேட்கிறார் என்று புரியவில்லை. மேசையில் தலையைச் சாய்த்தேன். மனைவிக்கு யாரோ போன் போட்டார்கள்.

புதுக்கோட்டையில் அதே டாக்டர்தான் பார்த்தார். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை நானூற்றைத் தாண்டி நின்றது. நரம்பில் மருந்து ஏறியது. மூன்று மாதத்து டெஸ்டையும் அவரே எடுக்கவைத்தார். மாலையில் அந்தக் காகிதத்தோடு வந்தபோது அவர் முகம் சரியில்லை. மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சார், ஒங்களுக்கு ரொம்ப நாளா சுகர் இருக்கு. போன வாரம் ரிப்போர்ட் மட்டும் எப்படி நார்மலா வந்துச்சு?"

"லேப்ல ஏதாவது தப்பு நடந்திருக்கும்ங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"யாரு ரத்தம் எடுத்தது? அந்தப் புதுப் பொண்ணா?" டாக்டர் போனைக் கையில் எடுத்தார். "இன்னொரு தடவை இப்படி நடக்கக் கூடாது. ஒரு உயிரே போயிருக்கும்."

அந்தப் பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஊசி குத்துவதற்கு முன் "பயப்படாதீங்கப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொன்ன பெண். அடுத்தவர் தலையில் குற்றத்தை ஏற்றுகிற ஆட்களை எத்தனை பேரை என் மேசையில் பிடித்திருக்கிறேன். அவர்களை எல்லாம் மனதுக்குள் என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறேன். டாக்டர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை மேல தப்பில்லைங்க" என்றேன். "நான்தான் மூணு நாள் சாப்பிடாம இருந்துட்டுப் போய்க் குடுத்தேன். ரெண்டாவது டெஸ்டை எடுக்க வேணாம்னு சொன்னதும் நான்தான். ஆறு வருஷமா இப்படித்தாங்க செய்யிறேன்."

டாக்டர் போனை வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. "நான் ஒங்களை நம்பித்தானே ஊசி போட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். "இப்போதைக்கு இனி ஊசி கெடையாதும்மா. இந்த சுகரோட ஆப்பரேஷனும் யோசிக்க முடியாது. மாத்திரை சாப்பிடணும், பயிற்சி செய்யணும். அதுல கை வந்தாத்தான் உண்டு. வரலைன்னா, சுகரை எறக்கிட்டு உறையை வெட்டித்தான் விடணும்." மனைவி தலையை ஆட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை அவள். டெஸ்டை ஏமாற்றியதற்குக் கோபம் என்று நினைத்தேன். ஆனால் கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாத்திரம் சத்தம் போடும். இந்தத் தடவை பாத்திரம் சத்தம் போடவில்லை. எதையோ மனதில் வைத்திருக்கிறாள் என்று சந்தேகப்பட்டேன். கிளம்பும்போது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். அப்போது என் காலைப்பற்றி ஏதாவது சொல்லியிருப்பாரோ? அண்ணனுக்கு நடந்தது எனக்கும் நடக்கப்போகிறதோ? கேட்கப் பயமாக இருந்தது. ராத்திரி சாப்பாட்டில் சோறு குறைந்து கூட்டு கூடியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம் என்று அவளே வந்தாள். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். என்னைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கையால் என் முழங்கையையும் மறுகையால் மணிக்கட்டையும் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். நெஞ்சுக்கு நேராக வந்ததும் நின்றது.

"விடுங்க."

"விட்டுட்டேன்."

"எங்க விட்டீங்க? எங் கையில கனமே இல்ல. நீங்களேதான் தூக்கி வச்சிருக்கீங்க."

சொல்லிக்கொண்டே தன் இரண்டு கைகளையும் எடுத்தாள். என் கை விழவில்லை. யாரும் பிடிக்காமல், அந்தரத்தில், விரல் கூடத் தாழாமல் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். விட்டுவிட்டேன் என்று அந்த நிமிடம்வரை நிச்சயமாக நம்பியிருந்தேன். பயிற்சி கொடுத்த பெண்ணைப்பற்றி நான் நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்து கூசியது.

அவள் மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆறு வருஷமாங்க?"

"ம்."

"வருஷத்துக்கு மூணு நாளு, வெளியில சாப்பிட்டுட்டேன்னு வந்து படுப்பீங்கல்ல. அது இதுக்குத்தானா?"

"ஆமா. ஒனக்குத் தெரிஞ்சா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருவியோன்னு பயம். அண்ணன் மாதிரி ஆயிருமோன்னு பயம்."

"நான் வேற நெனச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் முகம் சிவந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. "என்ன சொல்ற நீ? எம்மேலயா?" என்றேன்.

"பின்ன? சாயங்காலம் தலை சீவிக்கிட்டுக் குளத்துக்கரைக்கு நடக்கப் போறீங்க. வீட்டுச் சோறு எறங்கல. எங்கன்னு கேட்டா முகத்தைத் திருப்புறீங்க. யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன் நான்? எங்கயோ ஒரு வீட்டுல ஒருத்தி சமைச்சுப் போடுறா, திருவிழாவுக்கு வாரமாதிரி வருஷத்துக்கு ஒருக்கா போறாருன்னு நெனச்சுக்கிட்டேன். ஆறு வருஷமா நெனச்சுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாகற்காயையும் மோரையும் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு சின்ன வீடு. சொல்லிச் சிரிக்க வாயைத் திறந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த மூணு நாளும் நானும் சாப்பிட்டதில்லைங்க" என்றாள். "எறங்காது. ஆக்கி வச்சுட்டு அப்படியே மாட்டுத் தொட்டியில கொட்டிருவேன்."

ஊரில் உள்ளவன் கையெழுத்தில் எல்லாம் நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்த நான், அடுத்த அறையில் ஒருத்தி சாப்பிடாமல் படுத்ததைப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் பட்டினி கிடந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல். அழுகை வந்தது. அதை மறைக்க முகத்தைத் திருப்பவும் தோன்றவில்லை.

அவள் என் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். முழங்கையைத் தாங்கியிருந்த அவள் கை கொஞ்சம் தாழ்ந்தது. இன்னொரு கையையும் அடியில் கொடுத்து என் கையை ஏந்திக்கொண்டாள்.

"இப்பத்தாங்க கனக்குது" என்றாள்.